காலிபரேஷன் பட்டனைத் தொடுவதற்கு முன்

ரேடியோ கன்ட்ரோல் (ஆர்சி) விமானம் பழகுகிற பிள்ளைகளுக்கு, கம்ப்யூட்டர் திரையில் விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டர்தான் முதல் வாத்தியார். கன்ட்ரோலர் அடியோடு கெட்டுப்போனால் கவலை இல்லை, உடனே தெரிந்துவிடும். பாதி கெட்ட கன்ட்ரோலர்தான் ஆபத்து. திரையில் விமானம் பறக்கும், ஆனால் லேசாக வலப்பக்கம் சாயும். பழகுகிறவரின் விரல் தன்னை அறியாமல் ஸ்டிக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியே பிடிக்கக் கற்றுக்கொள்ளும். அதே விரல் நிஜ விமானத்தோடு கண்மாய்க்குப் போய் நிற்கும்போது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோகும். தரையிலிருந்து பத்தடி உயரத்தில் அந்தப் பழக்கம் என்ன செய்யும் என்று விமானம் விட்டவர்களுக்குத் தெரியும்.

என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். கோடை விடுமுறைக்குக் காரைக்குடி பக்கத்துக் கண்டனூருக்கு வந்தவன் ஒரு யூஎஸ்பி சிமுலேட்டர் கன்ட்ரோலரும் கொண்டுவந்திருந்தான். பார்க்க ரேடியோ டிரான்ஸ்மிட்டர் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே ரேடியோ கிடையாது. இரண்டு ஸ்டிக், நான்கு பொட்டன்ஷியோமீட்டர், சில சுவிட்சுகள், ஒரு சின்னச் சிப், அவ்வளவுதான். ஸ்டிக் அசையும்போது பொட்டன்ஷியோமீட்டரில் வோல்டேஜ் மாறும். சிப் அதை எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் அதைச் சாதாரண ஜாய்ஸ்டிக் என்றே எடுத்துக்கொள்ளும். "மாமா, பிளேன் சும்மாவே ரைட்ல உருளுது, அப்பப்ப துள்ளவும் செய்யுது" என்றான்.

எங்கள் பக்கத்துக்கு விமானம் புதிதல்ல. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. காரைக்குடியில் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரைத் தந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், லண்டனில் விமானம் ஓட்டப் பழகியவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமான நிறுவனமே நடத்தியவர். அந்த ஊர்ப் பிள்ளை இன்றைக்கு ஆர்சி விமானம் பழக வேண்டுமென்றால், கூட நின்று கற்றுக்கொடுக்க ஆளைத் தேடி மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கிறது. இரண்டும் சுமார் 90 கிலோமீட்டர். அதனால் சிமுலேட்டரை நம்பித்தான் ஆக வேண்டும். நம்புவதற்கு முன்னால் அது உண்மை பேசுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவனுடைய கல்லூரி நண்பர்கள் இரண்டு யோசனை சொல்லியிருந்தார்கள். ஒன்று, மறுபடி காலிபரேட் செய். இரண்டு, டெட்சோனைக் கூட்டு. அவன் கை பட்டனுக்குப் போவதற்குள் நிறுத்தச் சொன்னேன். காலிபரேஷன் என்பது ஸ்டிக்கின் இடக்கோடி, நடு, வலக்கோடி எங்கே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. நடு என்பது ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தால் எதைச் சொல்லிக்கொடுப்பது? அந்த நொடியில் எது கிடைத்ததோ அதை நடு என்று பதிந்துகொள்ளும், அடுத்த நிமிடமே தப்பாகிவிடும். டெட்சோன் இன்னும் மோசம். நடுவைச் சுற்றி ஒரு பகுதியில் ஸ்டிக் அசைந்தாலும் கண்டுகொள்ளாதே என்று சொல்கிற அமைப்பு அது. தரையிறக்கும்போது நாம் செய்கிற திருத்தம் எல்லாமே அந்தப் பகுதிக்குள்தான் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் பிள்ளை என்ன பழகும்?

சரி, முதலில் பார்க்க வேண்டியது கன்ட்ரோலரையே அல்ல, சிமுலேட்டருக்குள் இருக்கிற அமைப்பை. பெரும்பாலான சிமுலேட்டர்களில் காற்று வைக்க வழி உண்டு. அது ஓடிக்கொண்டிருந்தால் விமானம் தள்ளிப் போகத்தான் செய்யும். காற்றைச் சுழியம் ஆக்குங்கள். அடுத்தது, எந்த விமானத்தில் சோதிக்கிறீர்கள் என்பது. முன்னால் ஒற்றைப் புரொப்பெல்லர் வைத்த விமானத்தில் த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, கூட்டினால் புரொப்பெல்லரின் எதிர்விசையால் விமானம் ஒரு பக்கம் உருளப் பார்க்கும். பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுகிற புரொப்பெல்லர் என்றால் இடப்பக்கம் உருளும். நல்ல சிமுலேட்டர் இதையும் கணக்கில் எடுத்துச் செய்து காட்டும். அது கன்ட்ரோலர் குற்றம் ஆகாது. அதனால் மோட்டார் இல்லாத கிளைடரை எடுத்து உயரத்தில் விட்டு, ஸ்டிக்கைத் தொடாமல் பார்க்க வேண்டும். கன்ட்ரோலரில் டிரிம் பட்டன்கள், அதாவது ஸ்டிக்கின் நடுவை லேசாக ஒரு பக்கம் நகர்த்துகிற பட்டன்கள், இருந்தால் அவை நடுவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். டிஜிட்டல் டிரிம் என்றால் தவறி அழுத்தியதுகூட நினைவில் நிற்கும்.

மருமகனின் கிளைடர் காற்றே இல்லாத வானத்தில் வலப்பக்கம் உருண்டது. டிரிம் நடுவில்தான் இருந்தது. அப்படியென்றால் கன்ட்ரோலர் பக்கம் போகலாம்.

இங்கேதான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது: சிமுலேட்டரை மூடிவிட்டு எண்களைப் பாருங்கள். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல் என்று ஆங்கிலத்தில் தட்டினால் கேம் கன்ட்ரோலர் பட்டியல் வரும். அதில் ஒன்றுக்கு மேல் பெயர் இருந்தால் மற்றதைக் கழற்றிவிடுங்கள். வேறொரு கேம்பேட் சொருகியிருந்தாலே சிமுலேட்டர் குழம்புவதுண்டு. பிறகு பிராப்பர்ட்டீஸ், அதில் செட்டிங்ஸ், அங்கே பழைய காலிபரேஷனைத் துடைத்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்துங்கள். அடுத்து காலிபரேட் என்பதைத் திறந்து உள்ளே போனால், மூல எண்களைக் காட்டச் சொல்லும் கட்டம் இருக்கும். அதில் டிக் வைத்தால் ஸ்டிக் சொல்கிற எண் அப்படியே தெரியும். பார்த்து முடித்ததும் எதையும் சேமிக்காமல் கேன்சல் கொடுத்து வெளியே வந்துவிடலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜேஎஸ்டெஸ்ட் என்ற சின்ன நிரல் இதே வேலையைச் செய்யும்.

எண் 0 முதல் 255 வரை இருக்கலாம், 0 முதல் 1023 வரையும் இருக்கலாம். சிப் 8 பிட்டா 10 பிட்டா என்பதைப் பொறுத்தது. எங்களுடையது 1023 வரை போகிற வகை, நடு 512 பக்கம் இருக்க வேண்டும். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் 511, 512, 513 என்று அமைதியாக நின்றது. விமானத்தை இடம் வலமாக உருட்டும் ஐலரான் மட்டும் கையை எடுத்துவிட்டாலும் 530-க்கும் 590-க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கை ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தால் ஆட்டம் நின்றுவிட்டது. நடுவுக்கு வந்தால் மறுபடி ஆட்டம்.

இதிலிருந்து மூன்று விதமான நோய்களைப் பிரித்துக்கொள்ளலாம். எண் ஆடாமல் நிற்கிறது, ஆனால் நடுவிலிருந்து விலகி, எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் அது டிரிம் அல்லது காலிபரேஷன் சமாச்சாரம். காலிபரேஷன் குணப்படுத்துவது இந்த ஒன்றைத்தான். இடப்பக்கமிருந்து விட்டால் ஒரு எண்ணிலும் வலப்பக்கமிருந்து விட்டால் இன்னொரு எண்ணிலும் நிற்கிறது, ஆனால் ஆடவில்லை என்றால் அது இயந்திரக் கோளாறு: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பொட்டன்ஷியோமீட்டரின் தண்டு ஸ்டிக்கோடு இறுக்கமாகப் பிடிக்காமல் இருக்கும். கையே படாமல் எண் ஆடுகிறது என்றால் மின்சாரக் கோளாறு. அதிலும் ஸ்டிக்குகளின் நான்கு அசைவுகளில், அதாவது சேனல்களில், ஒன்று மட்டும் ஆடினால் அந்த ஸ்டிக்கின் பொட்டன்ஷியோமீட்டர் அல்லது அதன் ஒயர். நான்கும் சேர்ந்து ஆடினால் பொதுவான ஏதோ ஒன்று, அதாவது யூஎஸ்பி ஒயர், மின்சாரம், எர்த்.

இந்தக் கடைசி வகையை நம் ஊர் வீடுகளில் அதிகம் பார்க்கலாம் என்பதால் கொஞ்சம் விலகிப் போய்ச் சொல்கிறேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு நண்பரின் பழைய வீடு. வளவைச் சுற்றித் தாழ்வாரம், கீழே ஆத்தங்குடிக் கல், வெறுங்காலோடு உட்கார்ந்து லேப்டாப்பில் பறக்கவிட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் இருப்பது நிஜ டிரான்ஸ்மிட்டர், டிரெய்னர் ஒயர் வழியாக, யூஎஸ்பியில் சொருகுகிற டாங்கிள் என்ற சின்ன இணைப்பியில் இணைத்து வைத்திருந்தார். நான்கு சேனலும் நடுங்கின. புது டாங்கிள் வாங்கப்போவதாகச் சொன்னார். லேப்டாப்பிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினேன், நடுக்கம் அப்படியே நின்றது. சார்ஜரைச் சொருகினால் திரும்ப வந்தது. அந்தக் கூடத்து பிளக்கில் எர்த் இல்லை. சார்ஜருக்கு உள்ளே மெயின்ஸ் பக்கத்தையும் வெளியே வருகிற டிசி பக்கத்தையும் இணைத்து ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அதன் வழியே கசிகிற மின்சாரம் லேப்டாப் உடம்பிலேயே நிற்கும். அதைத் தொட்டால் விரலில் ஒரு விறுவிறுப்புத் தெரியும். அதுதான் சிக்னலிலும் ஏறுகிறது. அவர் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் உள்ள மூன்று பின் பிளக் போட்டார். எங்கள் செம்மண்ணும் சரளையும் கோடையில் காய்ந்துவிடுவதால் எர்த் குழியும் சேர்ந்து காய்ந்து வேலை செய்யாமல் போகும், அதில் தண்ணீர் ஊற்றவும் ஏற்பாடு செய்தார். டாங்கிள் பழையதுதான், இன்றைக்கும் ஓடுகிறது. ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்னால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஒருமுறை பாருங்கள்.

மருமகனுடைய கன்ட்ரோலரில் பேட்டரியில் ஓட்டியும் ஐலரான் ஆடியது, மற்ற மூன்றும் ஒழுங்காகவே இருந்தன. யூஎஸ்பி ஒயரைச் சந்தேகிக்கக் காரணமில்லை, இருந்தாலும் அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எண்கள் திரையில் இருக்கும்போதே பிளக்குக்குப் பக்கத்திலும், கன்ட்ரோலருக்குள் நுழைகிற இடத்திலும் ஒயரை மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும். ஒயர் உள்ளே அறுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். வளைக்கும்போது கம்ப்யூட்டர் டிங் என்று இணைப்புப் போய்வரும் ஓசை கொடுத்தால் ஒயர் போய்விட்டது. ஹப் வழியாகச் சொருகியிருந்தால் ஹப்பை விட்டு நேராகச் சொருகுங்கள். ஓசை அவ்வப்போது சும்மா வந்தால் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, எதுவும் இல்லை.

அப்புறம் திறந்தோம். யூஎஸ்பியைக் கழற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும். பின்புற ஸ்குரூக்களைக் கழற்றும்போது எது நீளம் எது குட்டை என்று பார்த்து, ஒரு தாளில் கன்ட்ரோலரின் உருவம் வரைந்து அதே இடங்களில் குத்தி வைக்கச் சொன்னேன். உள்ளே ஸ்டிக் அமைப்பு, அதாவது கிம்பல், இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு பொட்டன்ஷியோமீட்டர். அவற்றிலிருந்து மெல்லிய ஒயர்கள் போர்டுக்குப் போகின்றன. எங்களுக்கு நல்ல நேரம், இரண்டு கிம்பலின் பிளக்கும் ஒரே மாதிரி. அப்படி இருந்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை. இடது கிம்பல் பிளக்கை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் சொருகி, யூஎஸ்பி போட்டு எண்ணைப் பாருங்கள். ஆட்டம் வேறு சேனலுக்கு மாறிவிட்டால் கிம்பல் குற்றவாளி. அதே சேனலில் நின்றால் போர்டு. எங்களுக்கு ஆட்டம், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டருக்கு மாறியது. போர்டு பிழைத்தது என்று அவனுக்கு முகமே மாறிவிட்டது, ஏனென்றால் அந்தப் போர்டு தனியாகக் கிடைக்காது.

கிம்பலில் ஒயரா, பொட்டன்ஷியோமீட்டரா என்று பார்க்க மல்டிமீட்டர் வேண்டும். இதற்கு முள் வைத்த பழைய அனலாக் மீட்டர்தான் சிறந்தது. டிஜிட்டல் மீட்டர் நின்று நிதானித்து எண் சொல்வதற்குள் துள்ளல் கடந்துபோய்விடும், முள் உடனே காட்டிக்கொடுக்கும். என்னிடம் அது இல்லாததால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். பழைய பெட்டகமும் பீங்கானும் தேக்குத் தூணும் விற்கிற அந்தத் தெருவில், வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்துக் கொடுக்கும் அண்ணன் ஒருவரை எனக்குப் பழக்கம். கிம்பலை வாங்கி ஒருமுறை திருப்பினார். "தம்பி, இது வால்யூம் கன்ட்ரோல்தான?" என்றார். உண்மையிலேயே அதுதான். ரேடியோவில் குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வருமே, அந்தக் கரகரப்புதான் இங்கே விமானத்தின் துள்ளலாக வருகிறது.

மூன்று கால்களில் நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் மீட்டரைப் பிடித்து ஸ்டிக்கை மெதுவாக ஆட்டினார். முள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் வந்ததும் முள் உதறியது. இதற்குக் காரணம் உண்டு. பொட்டன்ஷியோமீட்டருக்குள் கார்பன் தடம் ஒன்று வளைவாக இருக்கும், அதன்மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டு போகும். ஸ்டிக் கோடியிலிருந்து கோடிக்குப் போனாலும் நாக்கு நகர்வது தடத்தின் நடுப்பகுதியில் மட்டுமே. அதிலும் ஸ்டிக் பெரும்பாலான நேரம் நடுவிலேயே நிற்கிறது. ஆகவே தேய்வதும், தேய்ந்த தூள் சேர்வதும் அங்கேதான். ஸ்டிக்கைச் சுற்றி உள்ள இடைவெளி வழியாக எங்கள் பக்கத்துச் செம்மண் தூசியும் இறங்கும்.

அவர் கன்டாக்ட் கிளீனரின் நுனிக் குழாயைத் தகரமூடியின் இடுக்கில் வைத்து ஒரு சிறு அழுத்து அழுத்தினார். பிறகு தண்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பலமுறை திருப்பி, நன்றாகக் காயவிட்டார். கதவுக் கீலுக்கு அடிக்கிற சாதாரண எண்ணெய் ஸ்பிரேயை இதில் அடிக்கக் கூடாது. முதலில் சரியானது மாதிரி இருக்கும், பிறகு அந்த எண்ணெயிலேயே தூசி ஒட்டிக்கொண்டு முன்னைவிட மோசமாகும். கைகழுவும் சானிடைசரும் வேண்டாம், அதில் தண்ணீரும் பசையும் உண்டு. கிளீனர் கிடைக்காவிட்டால் தண்ணீர் கலப்பு மிகக் குறைந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்.

வீட்டுக்கு வந்து பார்த்ததில் ஆட்டம் மிகவும் குறைந்திருந்தது. 508-க்கும் 520-க்கும் இடையில். மருமகனுக்கு இதுவே போதும். எனக்குப் போதவில்லை. தூசியால் வந்த ஆட்டம் போய்விட்டது, மிச்சமிருப்பது கார்பன் தேய்ந்ததால் வந்தது, அதை எந்த ஸ்பிரேயும் திரும்பக் கொண்டுவராது. "நீ பழகுறது விளையாட்டுக்கு இல்ல மாப்ளே, புதுசு போட்டுடலாம்" என்றேன்.

புதுசு வாங்குவதில் கவனிக்க வேண்டியது பொட்டன்ஷியோமீட்டரின் முதுகில் எழுதியிருப்பதை. எங்களுடையதில் பி5கே என்று இருந்தது. 5கே என்றால் 5 கிலோ ஓம். பி என்றால் லீனியர், அதாவது பாதி திருப்பினால் பாதி ரெசிஸ்டன்ஸ். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் கடைகளில் வால்யூமுக்கு என்று கேட்டால் பெரும்பாலும் ஏ என்று குறித்த வகையைத்தான் தருவார்கள். காதுக்கு ஏற்றபடி ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் மாறுகிற வகை அது. அதை ஸ்டிக்கில் போட்டால் நடு நடுவில் இருக்காது, இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுவேறாகப் பேசும். தண்டின் நீளம், அதன் வெட்டு, உடம்பின் அளவு மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். போட்டோ எடுத்து, அளந்து, பார்சலில் வரவழைத்தோம்.

மாற்றுவது கடினமில்லை. பழைய மூன்று ஒயர்களும் எந்தக் காலில் இருந்தன என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் புதியதில் ஈயம் வைக்க வேண்டும். ஓர ஒயர்கள் இரண்டும் இடம் மாறினால் ஐலரான் தலைகீழாக வேலை செய்யும். அதைச் சிமுலேட்டரில் ரிவர்ஸ் போட்டுச் சமாளிக்க முடியும், ஆனால் அப்படி விடக் கூடாது. இன்னொருவர் அதே கன்ட்ரோலரை வேறு கம்ப்யூட்டரில் போட்டால் குழம்புவார். ஒயர்கள் கிம்பலோடு சேர்ந்து அசைகிறவை என்பதால் கொஞ்சம் தளர்வாக, எதிலும் உரசாமல் விட வேண்டும்.

பலர் விட்டுவிடுகிற ஒரு வேலை இதற்குப் பிறகு வருகிறது. பொட்டன்ஷியோமீட்டரை இறுக்கிப் பூட்டுவதற்கு முன்னால் யூஎஸ்பி போட்டு மூல எண்ணைத் திறந்து, ஸ்டிக்கைச் சும்மா விட்டு, பொட்டன்ஷியோமீட்டரின் உடம்பை இம்மி இம்மியாகத் திருப்பி 512 பக்கம் வந்ததும் பூட்ட வேண்டும். நடுவை இயந்திரத்திலேயே சரியாக வைத்துவிட்டால் காலிபரேஷனுக்கு வேலை மிகக் குறைவு. இடது வலது இரண்டு கோடியிலும் எண் 0-க்கோ 1023-க்கோ போய் முட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டினால் கடைசிப் பகுதியில் ஸ்டிக் அசைந்தும் விமானம் அசையாது.

மூடிய பிறகுதான் காலிபரேட் பட்டனை அழுத்த விட்டேன். ஸ்டிக்கை விரலால் பிடித்துக்கொண்டு நடு பதியக் கூடாது, ஸ்பிரிங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஓரங்களுக்குக் கொண்டுபோகும்போது மூலையில் போட்டு அழுத்தாமல் இயல்பாகத் தொடுகிற இடம் வரை போனால் போதும். விண்டோஸில் முடித்துவிட்டுச் சிமுலேட்டருக்குள்ளும் ஒருமுறை செய்து, டெட்சோனைச் சுழியத்தில் வைத்தோம். கிளைடரை உயரத்தில் விட்டுக் கையை எடுத்தான். நேராகப் போனது.

விரலுக்குத்தான் கொஞ்ச நாள் பிடித்தது. நல்ல கன்ட்ரோலரிலும் அவன் ஐலரானை இடப்பக்கம் லேசாகத் தள்ளியே பிடித்தான், இப்போது விமானம் இடப்பக்கம் போனது. இதற்கு நான் சொன்ன பயிற்சி, நேராகப் பறக்கும்போது ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு ஸ்டிக்கை முழுதாக நடுவுக்கு விட்டுவிட்டு, விமானம் என்ன செய்கிறது என்று பார்ப்பது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம், அதுவும் கிளைடரில் மட்டும். கல்லூரி திறக்கும் முன்பே அந்தப் பிடி போய்விட்டது. அதன் பிறகுதான் அவனுடைய ஃபோம் விமானத்தை வற்றிய கண்மாய்க்குள் கொண்டுபோகச் சம்மதித்தேன்.

இப்போது த்ராட்டில் பொட்டன்ஷியோமீட்டரில் லேசாக உதறல் ஆரம்பித்திருக்கிறது. த்ராட்டிலுக்கு ஸ்பிரிங் கிடையாது, நாக்கு நடுவிலேயே நிற்காமல் தான் நகர்கிற பகுதி முழுவதும் உரசுகிறது, அதனால் அதன் தேய்மானம் வேறு விதம். கன்ட்ரோலரைத் துணி மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் வாங்கும்போதே இரண்டு பி5கே வாங்கியதில் ஒன்று மீதம் இருக்கிறது, தீபாவளிக்கு அவன் ஊருக்கு வரும்போது போட்டுவிடுவோம். அடுத்து வாங்கினால் உரசலே இல்லாமல் காந்தத்தை வைத்து இடம் அறிகிற ஹால் சென்சார் கிம்பல் உள்ள டிரான்ஸ்மிட்டராகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.